சனிக்கிழமைச் சம்பளத்தில் வந்த குழாய்

எங்கள் தோட்டத்தில் கிணற்றுக்கும் கடைக்கோடிப் பாத்திக்கும் இடையே ஓடிய மண் வாய்க்காலை வெட்டியவர் யாரென்று அப்பாவுக்கே தெரியாது. அவருடைய தாத்தா கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டிய காலத்திலேயே அது அங்கே இருந்ததாம். பெருமாநல்லூரிலிருந்து குன்னத்தூர் போகும் பக்கம் எங்கள் ஊர். செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த மேட்டு நிலம். ஆற்றுப் பாசனம் கிடையாது. மழை பெய்தால் குட்டை நிரம்பும், குட்டை நிரம்பினால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். சோளம், ராகி, பருத்தி எல்லாம் அதை நம்பித்தான்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் தண்ணி கட்டுவது என் வேலை. மோட்டாரைப் போட்டுவிட்டு மம்முட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடக்க வேண்டும். தண்ணீரின் முனை சருகையும் எறும்பையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். வழியில் இருக்கும் ஒவ்வொரு வெடிப்பும் குடித்து முடித்த பிறகுதான் அடுத்த அடி நகரும். எலி வளை எங்கே, நண்டு வளை எங்கே என்று தெரிந்துவைத்துக்கொண்டு களிமண்ணை மிதித்து அடைக்க வேண்டும். தண்ணீர் பருத்திக் காட்டை எட்டும்போது கரண்ட் போய்விடும். வந்த தண்ணீர் வாய்க்காலிலேயே சுண்டிப்போகும். மறுநாள் காய்ந்த வாய்க்காலில் மறுபடி முதலிலிருந்து.

வீணாகிறது என்று தெரிந்தும் வாய்க்காலை அப்பா குறை சொன்னதில்லை. அதன் கரையில் தென்னை நின்றது. அம்மாவின் கீரைப் பாத்தி இருந்தது. மாட்டுக்கு அறுக்கும் அருகம்புல் அங்கேதான் வளர்ந்தது. வீணாய்ப் போனதாக நாங்கள் நினைத்த தண்ணீரில் ஒரு பங்கு இவற்றுக்குப் போனது. இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, எங்கள் கிணற்றுக்கோ பக்கத்துத் தோட்டக் கிணற்றுக்கோ போய்ச் சேர்ந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் வாய்க்காலைச் செதுக்கிவிடுவோம். குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பள்ளத்தை வீட்டுக்கு ஓர் ஆளாக ஊரே இறங்கித் துப்புரவு செய்யும். இந்த வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-லேயே மதராஸ் அரசாங்கம் இதைச் சட்டத்தில் எழுதிவைத்தது. யாருக்கும் கூலி இல்லை. ஆனால் அதைச் செலவில்லாத வேலை என்று நினைத்தால் தவறு. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வீடும் தன் பங்கை உடம்பால் கட்டிக்கொண்டே இருந்தது. நான் இதை எழுதுவதற்கே காரணம் அந்த வரவுசெலவுதான்.

அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகத் தொடங்கியது எண்பதுகளின் நடுவில். முதலில் கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை எடுத்து மடித்துக் கொடுக்கும் வேலை. பிறகு ஓவர்லாக் மெஷின் பிடித்தாள். ஏற்றுமதி சூடு பிடித்த நேரம். ஒன்றரை ஷிப்ட் என்பார்கள். காலையில் டவுன் பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். சனிக்கிழமைதோறும் சம்பளம். கவரை அப்படியே அம்மா கையில் கொடுப்பாள். அம்மா அதில் ஒரு பகுதியைச் சீட்டுக்குக் கட்டுவாள். அக்காவின் கல்யாணத்துக்கான சீட்டு அது.

சீட்டு எடுத்த அன்று, அந்தப் பணத்தில் பாதியை எடுத்துக் குழாய் போட்டுவிடலாம் என்று சொன்னவள் அக்காவேதான். "வாய்க்கா தண்ணிய நம்பி எத்தன நாளைக்குங்கப்பா? பைப்பப் போட்டுட்டா, கரண்ட் இருக்கற நேரத்துல பருத்திக்குப் பாஞ்சுருமுங்க" என்றாள். அப்பா நெடுநேரம் பேசவில்லை. "உன் காசு அம்மிணி அது" என்று மட்டும் சொன்னார். மீதிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அம்மாவின் சங்கிலியை வைத்து நகைக்கடன் வாங்கினோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்து மானியம் எதுவும் இல்லை. இன்று சொட்டுநீர் அமைக்கத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. கிணற்றிலிருந்து வயலுக்குக் குழாய் பதிக்கவும் ஓரளவு உதவி கிடைக்கிறது. எங்கள் குழாய்க்கு நிதி கொடுத்தவள் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்.

இருபதடி நீளமுள்ள பிவிசி குழாய்கள் டெம்போவில் வந்து இறங்கின. வாய்க்கால் ஓடிய தடத்திலேயே ஆழமாக வெட்டிக் குழாயை இறக்கினோம். ஒரு முனையில் சொல்யூஷன் தடவி, அடுத்த குழாயின் வாயில் திருகிச் செருகி, அது பிடிக்கும் வரை அப்பா கைகளால் அழுத்திக்கொண்டே இருப்பார். பிறகு கொஞ்ச தூரத்துக்கு ஒரு கேட் வால்வு. மோட்டாரைப் போட்டதும் கடைசி வால்வில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஒரு பொழுது முழுக்க நடந்த வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அக்கா அன்று லீவு போட்டிருந்தாள். அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டாள்.

குழாயால் நன்மை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே கிணறு, அதே மோட்டார், கூடுதல் பாத்தி பாய்ந்தது. என் பொழுதும் மிஞ்சியது, படிக்க முடிந்தது. ஆனால் பழைய கரையில் நின்ற தென்னைகள் ஒவ்வொன்றாகக் குருத்து வற்றின. அடுத்த சில ஆண்டுகளில் கிணறும் இறங்கியது. அதற்கு எங்கள் குழாய் மட்டும் காரணமல்ல. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் வந்துவிட்டன. தொண்ணூறுகளில் திருப்பூரின் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் போதவில்லை. சுற்று வட்டாரத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் விலைக்குப் போனது. வெள்ளாமையில் கிடைக்காத காசு தண்ணீரில் கிடைத்தபோது விற்றவர்களை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. அவர்கள் வீட்டிலும் கல்யாணத்துக்குப் பெண்கள் இருந்தார்கள்.

அந்தத் தண்ணீர் சாயமாகி நொய்யலில் இறங்கியது. 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய கீழ்ப் பகுதி விவசாயிகள், திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. ஓர் அணைக்கட்டுக்கு இதைவிடப் பெரிய துயரம் வேறு என்ன இருக்க முடியும்? வழக்குக்கு மேல் வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு மாற, மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அறிவித்தது. அது தேவையான உதவி. என் அக்காவைப் போன்ற லட்சக்கணக்கானோரின் சோறு அந்தத் தொழிலில் இருக்கிறது.

நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றபோது பணம் எப்படித் திரண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1995-ல் இதற்கென்றே ஒரு நிறுவனம் உருவானது. மாநில அரசும் நிதி நிறுவனமும் ஏற்றுமதியாளர் சங்கமும் கைகோத்தன. ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய் செலவில், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்துவரும் குழாய்த் திட்டம் 2005-06 வாக்கில் ஓடத் தொடங்கியது. தனியார் பங்கேற்போடு நாட்டில் எடுத்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டங்களில் அது ஒன்று. தொழிற்சாலைகள் விலை கொடுத்து வாங்கின. அந்தக் காசில் கடன் அடையும் என்பது கணக்கு. திட்டம் நகரத்தின் தாகத்தைத் தணித்தது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் விவசாயிகளின் கையில் அடமானம் வைக்க என்ன இருந்தது? காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்திலிருந்தே பவானியின் உபரி நீரை அவிநாசி வட்டாரத்துக்குக் கொண்டுவரும்படி கேட்டு வந்தார்கள். அத்திக்கடவிலிருந்து வாய்க்கால் வெட்டி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடவிட வேண்டும் என்பதே முதலில் இருந்த யோசனை. காடு குறுக்கே நின்றது. கீழ்பவானிப் பாசனக்காரர்களின் உரிமை குறுக்கே நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் குறுக்கே நின்றது. தேர்தல்தோறும் வாக்குறுதி வந்தது. அந்த வாக்குறுதியைக் கேட்டுக்கொண்டே அப்பா கிழவரானார்.

2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கடைகள் அடைத்துக் கிடந்தன. கம்பெனி முடிந்து திரும்பும் பெண்கள் பந்தலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தேன். 2019 பிப்ரவரி 28 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது மதிப்பீடு 1,652 கோடி ரூபாய். மாநில அரசின் சொந்த நிதியிலேயே செய்வதென்று முடிவானது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தபோது செலவு 1,916 கோடியைத் தாண்டியிருந்தது. ஆட்சி மாறியும் வேலை நிற்கவில்லை. இரு தரப்புக்கும் எங்கள் பக்கத்து மக்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். இதில் யாருக்குப் பெருமை என்று மேடையில் சண்டை போடுவதை அவர்கள் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

கேட்டது வாய்க்கால், கிடைத்தது குழாய். பெயரில் அத்திக்கடவு இருந்தாலும் தண்ணீர் எடுக்கும் இடம் அதுவல்ல. ஆற்றின் கீழ்க்கோடியில், பவானி ஊருக்கு அருகே, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வழிந்தோடும் உபரி நீரை எடுக்கிறார்கள். அங்கிருந்து 6 நீரேற்று நிலையங்கள் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகின்றன. அவற்றில் 32 பொதுப்பணித் துறை ஏரிகள், 42 ஊராட்சி ஒன்றியக் குளங்கள், மீதி 971-ம் எங்கள் ஊர்க் குட்டை மாதிரிச் சின்னஞ்சிறு குட்டைகள். பாசனம் பெறும் நிலம் 24,468 ஏக்கர். நொடிக்கு 250 கன அடி வீதம் ஆண்டுக்கு 70 நாள் எடுத்தால் 1.5 டிஎம்சி. உபரி வந்தால்தான் இதுவும்.

அந்த அணைக்கட்டில் போய் நின்றால் மனம் கலங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால் அதே இடத்தில்தான் பிரிகிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி நொய்யலைத் தொடுகிறது. 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அந்த வளைவுகளெல்லாம் மேடு பள்ளம் பார்த்து வைத்தவை. சொந்த நன்மைக்காக வெட்டினான் என்ற பேச்சு வந்ததும், தன் வம்சத்தில் எவரும் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று காளிங்கராயன் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டதாக இங்கே ஒரு கதை வழங்குகிறது. 700 ஆண்டுகளாக அந்த வாய்க்காலுக்கு ஒரு யூனிட் மின்சாரம் தேவைப்படவில்லை. அத்திக்கடவுக் குழாயில் மோட்டார் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும்.

மின்சாரத்துக்கு எங்கள் மண் கொடுத்த விலை சாதாரணமல்ல. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா பஸ்ஸுக்குள்ளேயே தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். விவசாய மோட்டார்களுக்கு இலவச மின்சாரம் வந்தது 1990-ல். ஆகவே, நீரேற்று நிலையங்களின் மின்கட்டணத்துக்கு வருடாவருடம் பணம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்பது சில்லறைக் கேள்வி அல்ல.

எங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரையோரத்தில் சின்ன கான்கிரீட் மேடை, அதன் மேல் கம்பி வேலி, தண்ணீரின் அளவைத் தொலைவிலிருந்தே பார்க்கும் கருவி, அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு சோலார் பலகை. குழாயின் வாய் நான் நினைத்ததைவிடச் சிறியது. முதலில் காற்று சீறியது, பிறகு செந்நிறமாகக் கொஞ்சம் கசிந்தது, அப்புறம் தெளிந்த தண்ணீர். வயதானவர்கள் குனிந்து கையில் ஏந்திக் குடித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

மொத்தச் செலவை 1,045-ஆல் வகுத்தால் ஒரு குட்டைக்கு ஏறத்தாழ 1.83 கோடி ரூபாய். அவ்வளவு செலவழித்து இணைத்த குட்டையைச் சுற்றி நடந்து பார்த்தேன். சீமைக்கருவேலம் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. மழைநீர் வரும் பள்ளத்தைக் காணவில்லை. ஓரிடத்தில் அதன்மேல் சுவர், ஓரிடத்தில் கட்டடக் கழிவு, ஓரிடத்தில் வெட்டுத்துணி மூட்டைகள். நாங்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கிச் செதுக்கிய அதே பள்ளம். குழாய் வந்துவிட்டது, இனிப் பள்ளம் எதற்கு என்று ஊரிலேயே சிலர் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. பவானியில் உபரி இல்லாத ஆண்டில் குழாய் காற்றைத்தான் ஊதும். அன்றைக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க அந்தப் பள்ளத்தை விட்டால் வேறு வழியே இல்லை.

கீழ்பவானி வாய்க்காலில் நடந்த விவாதத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, காங்கேயம் பக்கம் வரை 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாயும் மண் வாய்க்கால் அது. அதைச் சீரமைத்துக் கான்கிரீட் போட 709.60 கோடி ரூபாய்த் திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டும் என்றது ஒரு பக்கம். கசிவுநீரால்தான் எங்கள் கிணறும் தென்னையும் உயிரோடு இருக்கின்றன என்றது இன்னொரு பக்கம். இரண்டும் உண்மை. கசியும் தண்ணீரை வீண் என்று மட்டும் எழுதிவிட்டு நிதி கேட்கும் திட்ட அறிக்கை பாதிக் கணக்கைத்தான் சொல்கிறது. எங்கள் கரையில் செத்த தென்னைகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அத்திக்கடவுத் திட்டத்தில் இந்தக் குறைக்கு ஒரு பதில் இருக்கிறது என்பதால்தான் அதை நான் ஆதரிக்கிறேன். குழாய் தண்ணீரை நேரே வயலில் கொட்டவில்லை, குட்டையில் விடுகிறது. குட்டை அதை மண்ணுக்குள் இறக்கி ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் பங்கு வைக்கிறது. ஆனால் குட்டை வண்டல் மூடிக் கிடந்தால் தண்ணீர் கீழே இறங்காது, வெயிலில் ஆவியாகப் போய்விடும். ஆகவே தூர்வாரும் செலவும் குழாய்ச் செலவின் ஒரு பகுதியே. 2017-ல் குடிமராமத்தை அரசு மீண்டும் தொடங்கியபோது, முதல் ஆண்டுக்கு 100 கோடி ஒதுக்கி, விவசாயிகள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள். எண்ணம் சரியானது. பல இடங்களில் அது ஒப்பந்த வேலையாகவே முடிந்துபோனது.

பழைய வாய்க்காலுக்கு வெட்டும் செலவு ஒருமுறை, காக்கும் செலவு வருடாவருடம். இரண்டையும் ஊர் ஏற்றது. இப்போது வெட்டும் செலவை ஆயிரம் கோடிக் கணக்கில் அரசு ஏற்றிருக்கிறது. காக்கும் செலவு யாருடையது? ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் ஒருநாள் முடியும். அதற்குப் பிறகு உடைந்த குழாயை மாற்றவும், வால்வைப் பழுது பார்க்கவும், மின்கட்டணம் கட்டவும், காவலுக்கு ஆள் வைக்கவும் வருடாந்திர நிதியைத் தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும். வெள்ளம், தேர்தல், பற்றாக்குறை எது வந்தாலும் அந்தப் பணத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. திட்டத்தில் விடுபட்ட குட்டைகளைச் சேர்க்கக் கோரி விவசாயிகள் இன்றும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை இன்னும் அறுபது ஆண்டு காக்க வைப்பது அநியாயம்.

திருப்பூர்த் தொழிலதிபர்களிடமும் உரிமையோடு கேட்கிறேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர் இது. உங்களால் முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' மூலம் லட்சக்கணக்கான மரங்களை நட்டு வளர்த்திருக்கிறீர்கள். உங்கள் மெஷின்களில் உட்காரும் பெண்கள் பலரும் இந்தக் குட்டைக்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஒரு கம்பெனி ஒரு குட்டை என்று எடுத்துக்கொண்டு, அதற்கு வரும் பள்ளத்தையும் சேர்த்து வருடம் ஒருமுறை துப்புரவு செய்து கொடுங்கள். என் அக்கா தன் கல்யாணச் சீட்டில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்தவள். அவளைவிட உங்களிடம் வசதி இருக்கிறது.

அவிநாசி, ஊத்துக்குளி, பெருந்துறை, அன்னூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அதற்குப் போங்கள். உங்கள் ஊர்க் குட்டை அந்த 1,045-ல் இருக்கிறதா, கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது, அதற்கு வரும் பள்ளம் வருவாய்த் துறை வரைபடத்தில் எவ்வளவு அகலம், தரையில் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.